இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நவம்பர் மாதத் தொடக்கம் மறக்காது. அந்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவைக்கிறார்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்கு நடக்கும் கூட்டம் அதுவரை நமக்கு மாலை 6.30க்குத் தொடங்கியிருக்கும், மறுநாளிலிருந்து மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வரை அது 7.30க்குத் தொடங்கும். ஒரு மணி நேரம்தானே என்று தோன்றலாம். ஆனால் சிறு குழந்தை இருக்கும் வீட்டில் ஏழரை மணி என்பது சோறு ஊட்டி, மறுநாள் பள்ளிப் பையைச் சரிபார்த்து, தூங்கவைக்க வேண்டிய நேரம்.

எங்கள் வீட்டில் நானும் மனைவியும் இதே துறையில் இருக்கிறோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் கூட்டம் அமைந்த ஒரு நவம்பரில், நான்கு வயது மகள் கையில் கைப்பேசியோடு கூடத்துச் சோபாவில் தானாகவே தூங்கிப்போவது வழக்கமாகிவிட்டது. பொங்கல் முடியும்வரை அப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் தயங்கித் தயங்கிக் குழுத்தலைவரிடம் சொன்னபோது, வாரத்தில் மூன்று நாள் எனக்குப் பதிலாக வேறொருவர் கலந்துகொள்ளட்டும் என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். எல்லா மேலாளர்களும் அப்படி இருக்கமாட்டார்கள் என்பது உண்மைதான். எனினும், அலுவலக நேரம் என்பது மழை வெயிலைப் போல மாற்ற முடியாத ஒன்று என்று நாமே முடிவுசெய்துகொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவதுதான் நான் கண்டவற்றில் முதல் தவறு. கேட்காமல் இருப்பதற்கு உடம்பும் விலை கொடுக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்தில் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதலாக இருக்கின்றன.

அடுத்த தவறு ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. 'வீட்டு வேலையில் என் மனைவிக்கு உதவி செய்கிறேன்' என்று பெருமையாகச் சொல்லும் கணவன், அந்த வேலை அவளுடையது என்பதை ஒப்புக்கொண்ட பிறகே உதவ வருகிறான். இந்தியப் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுவதாகப் பதிவாகியது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்த 97 நிமிடம் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டுமே, கையே வைக்காதவர்கள் இந்தக் கணக்கில் வரவில்லை.

நிமிடங்களில் அடங்காத பகுதியும் உண்டு. கேஸ் சிலிண்டர் எப்போது தீரும், குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்தத் தேதியில், பள்ளி வேன் கட்டணம் கட்டியாயிற்றா, மாமனாரின் இரத்த அழுத்த மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும், மாவு அரைக்க அரிசி இன்று ஊறவைக்க வேண்டுமா நாளைக்கா, நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு என்ன செய்முறை என்பவற்றையெல்லாம் ஒருவர் மனத்தில் சுமந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சொன்னால் செய்கிறேன் என்பது நல்ல குணமாகத் தெரிந்தாலும், சொல்ல வேண்டியவள் முதலில் நினைவில் வைத்திருக்க வேண்டுமே. ஆகவே, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது என்று வேலைகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வதைவிட, ஒரு துறையை முழுவதுமாக ஒருவரிடம் ஒப்படைப்பது பயன் தருகிறது. மருத்துவம் கணவனுடையது என்றால், தடுப்பூசி அட்டையைப் பார்ப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, அன்றைக்கு விடுப்பு எடுப்பது, இரவில் காய்ச்சல் பார்ப்பது எல்லாமே அவனுடையவை. முதல் இரண்டு மாதங்களில் ஏதாவது ஒன்றை அவன் மறக்கத்தான் செய்வான். அந்தச் சமயத்தில் பொறுமையிழந்து எல்லாவற்றையும் மனைவியே திரும்ப எடுத்துக்கொள்வதும் தவறுதான்.

மனைவி வீட்டிலிருந்தே வேலை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கூரியர்காரர், பால்காரர், மாமியார், அடுத்த வீட்டார் ஆகிய அனைவருக்கும் அவள் 'வீட்டில்தானே இருக்கிறாள்'. கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இல்லாவிட்டால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறொருவரும் இல்லாவிட்டால், அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்ப்பதுதான்.

பலரும் தவறென்றே கருதாத ஒன்று, பெற்றோரைக் கணக்கில் வராத ஊழியராக வைத்துக்கொள்வது. மகப்பேறு விடுப்பு முடியும் வாரத்தில் அம்மா திருநெல்வேலியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ பெட்டியோடு வந்து இறங்குகிறார். தோட்டத்தையும் வீட்டையும் விட்டு வர முடியாமல் அப்பா ஊரில் தனியாகத் தங்கிவிடுகிறார். அறுபது வயதுக்கு மேல் கணவனும் மனைவியும் இரண்டு ஊர்களில் பிரிந்து வாழ்கிறார்கள் என்பதை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை. 'பேரனோடு இருக்கிறார்' என்று சொல்லிவிடுகிறோம். பதினான்காவது மாடிக் குடியிருப்பில் பேச ஆளின்றி, மூட்டுவலியோடு ஒன்றரை வயதுக் குழந்தையின் பின்னால் நாள் முழுவதும் ஓடுகிற அவரிடம், மாலையில் வீடு திரும்பிய மகள் ஏன் டிவி போட்டுக் காட்டினீர்கள் என்று கேட்கும்போது மனம் கசந்துபோகிறது. அம்மாவுக்கு வாரத்தில் ஒரு முழு நாளாவது ஓய்வு, பகலில் சில மணி நேரத்துக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள், ஊருக்குப் போய்வர முன்கூட்டியே குறித்த தேதிகள், எப்போது வரை இந்த ஏற்பாடு என்ற தெளிவு ஆகியவை இருந்தால்தான் அவர் விரும்பி வந்தவராக இருப்பார். அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்காக அம்மா திடீரென்று கிளம்ப நேர்ந்தால் மறுநாள் காலை என்ன செய்வது என்பதற்கும் முன்பே விடை வேண்டும்.

விடை இல்லாத வீடுகளில்தான் அவசர ராஜினாமா நிகழ்கிறது. நடைமுறையில் அநேகமாக மனைவிதான் விலகுகிறார். விலகுவதற்கு முன் தனக்குள்ள உரிமைகளைப் படித்துப் பார்ப்பவர்கள் குறைவு. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்துதர வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும். விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை இடங்கொடுத்தால், இருதரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து பணியாற்றவும் வழி உண்டு. இந்தப் பயன்களையெல்லாம் நியமனத்தின்போதே எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. நியமனக் கடிதத்தோடு வந்த அந்தத் தாள்களை நாம் கையெழுத்துப் போட்டதோடு மறந்துவிடுகிறோம். தந்தையர் நிலை வேறு: மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியார் துறையில் அது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. நிறுவனம் கொடுத்திருந்தும், கேட்டால் சிரிப்பார்களோ என்று பாதி நாள்களைப் பயன்படுத்தாமல் விடும் தகப்பன்மார்களைப் பார்த்திருக்கிறேன்.

ராஜினாமாவுக்கு முன் போடப்படும் கணக்கும் பெரும்பாலும் பிழையானதே. காப்பகத்துக்கு மாதம் இவ்வளவு, வீட்டு வேலைக்கு ஆளுக்கு இவ்வளவு, போக்குவரத்துக்கு இவ்வளவு என்று கூட்டி, அதை மனைவியின் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து, 'மிஞ்சுவது ஒன்றுமில்லை, எதற்கு இந்த அலைச்சல்' என்று முடிக்கிறார்கள். குழந்தை இருவருக்கும் பிறந்தது. செலவை இருவர் சம்பளத்திலிருந்தும் கழித்துப் பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வரும். அதோடு, குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் காப்பகச் செலவு குறைந்துவிடும். விட்டுப்போன வேலையில் பழைய பதவியோடும் சம்பளத்தோடும் திரும்பச் சேருவது அவ்வளவு எளிதல்ல.

கணக்கில் வராத தொகைகளும் இருக்கின்றன. நிரந்தர ஊழியர் தாமாக விலகும்போது பணிக்கொடை பெற, அதாவது கிராஜுவிட்டி வாங்க, ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும். நான்காவது ஆண்டில் விலகினால் அது கைக்கு வராது. வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது பத்து ஆண்டுச் சேவை தேவை. அதற்கு முன் வேலையை விடுகிறவர்கள் ஓய்வூதியக் கணக்கிலுள்ளதையும் சேர்த்து எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். எடுக்காமல், திட்டச் சான்றிதழ் எனப்படும் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால், மூன்று ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தாலும் பழைய ஆண்டுகள் அதனுடன் கூட்டப்படும்.