பாட்டி வைத்த ரோஜாவைப் பதியம் போடுவது எப்படி?

பாட்டி வைத்தது, அம்மா பார்த்துக்கொண்டது, இப்போது உங்கள் கையில். எவ்வளவு பழகிய செடியானாலும் ஒருநாள் பட்டுப்போகலாம். அது நன்றாகத் துளிர்க்கும்போதே இரண்டு மூன்று கன்றுகள் எடுத்துவிடுங்கள். விதை போட்டால் அதே பூ வராது; குணங்கள் புதிதாகக் கலந்துவிடும். குச்சி வெட்டி நடலாம்தான். ஆனால் வேர் பிடிப்பதற்குள் காய்ந்துபோவதுண்டு. இருப்பது ஒரே செடி என்றால் பதியம்தான் பயமில்லாத வழி. அதாவது, கிளையைச் செடியிலிருந்து பிரிக்காமல் வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைப்பது: வேர் வரும்வரை தாய்ச்செடியே கிளைக்குத் தண்ணீர் கொடுக்கும்.

முதலில் செடியின் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணை ஒட்டி முடிச்சுபோல் வீக்கம் இருந்தால் அது ஒட்டுச்செடி, அதாவது வேறொரு ரோஜாவின் வேர்மேல் (அதுதான் வேர்ச்செடி) ஒட்டி வளர்த்தது. வீக்கத்துக்குக் கீழிருந்து கிளம்பும் கிளை பாட்டியின் ரோஜாவே அல்ல, வேர்ச்செடியின் கிளை. பலரும் அதன் வேகமான வளர்ச்சியைப் பார்த்து ஏமாந்து அதையே பதியம் போடுகிறார்கள். வீக்கத்துக்கு மேலிருந்து, தரைவரை வளையக்கூடிய, பென்சில் பருமனுள்ள கிளையை எடுங்கள். இலையில் மஞ்சள் கோலம் விழுந்த கிளை வேண்டாம். வைரஸ் இருந்தால் கன்றுக்கும் போகும்.

மண்ணுக்குள் போகும் இடத்தில் இலை, முள்ளை நீக்குங்கள். துடைத்த கூரான கத்தியால் ஒரு கணுவுக்குக் கீழே, கிளையின் தரையைப் பார்த்த பக்கத்தில், 3 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாகக் கீறுங்கள். பாதித் தண்டைத் தாண்டக் கூடாது. மரப்பகுதி வழியாகத் தண்ணீர் மேலே போய்க்கொண்டேயிருக்கும். இலையிலிருந்து பட்டை வழியே இறங்கும் சத்து மட்டும் வெட்டில் தேங்கும். வேர் அங்கேதான் விடும். வெட்டு மூடிக்கொள்ளாமல் சிறு குச்சியைச் செருகுங்கள்.

10 செ.மீ. ஆழக் குழியில் மண்ணும் மட்கிய எருவும் கலந்து, கிளையை வளைத்துப் பதித்து, வளைத்த கம்பியால் அழுத்தி மூடுங்கள். நுனி 20 செ.மீ. வெளியே நிமிர்ந்திருக்கட்டும். மேலே ஒரு கல். தரை வசதியில்லாவிட்டால் பக்கத்தில் வைத்த தொட்டியிலும் இதே வேலைதான்.

ஈரம் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் வேர் வரும். தினமும் தோண்டிப் பார்க்கத் தோன்றும், வேண்டாம், இளவேர் அறுந்துவிடும். நுனியில் புதுத்துளிர் கண்ட பிறகு லேசாக இழுங்கள். பிடித்துக்கொண்டால் தாய்ப்பக்கம் வெட்டிவிட்டு, கன்றை இரண்டு வாரம் அங்கேயே விட்டு, பிறகு வேர்மண்ணோடு பெயர்த்து நடுங்கள். முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.

ஒரு கன்றையாவது தங்கை வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ அனுப்புங்கள். உங்கள் தோட்டத்தில் நோய் வந்தாலும் அங்கிருந்து திரும்ப ஒரு கிளை கேட்டு வாங்கலாம்.