டர்போ காருக்கு எக்ஸாஸ்ட், இன்டேக் மாற்றும்போது பணம் வீணாகும் இடங்கள்

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 2017-இல் இந்தியாவுக்கு வந்தது. 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). 2020-இல் வந்த ஆர்எஸ் 245 மொத்தம் 200 கார்களோடு முடிந்துபோனது. இரண்டுமே இப்போது செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்கியவர் முதலில் கை வைக்கும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: காற்று உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவக் கோன் ஃபில்டர், பின்பக்க சைலன்சரை அறுத்துவிட்டு நேர்க்குழாய். சத்தம் உடனே வந்துவிடுகிறது. வேகமும் கூடிவிட்டதாக மனசு நம்புகிறது. சத்தத்துக்காகத்தான் செலவழிக்கிறேன் என்று தெரிந்தே செலவழித்தால் பிரச்சினை இல்லை. பவருக்காக என்று நினைத்தால், தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஏன் என்று பார்ப்போம். இந்தக் காரில் இருப்பது ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் ஈஏ888 டர்போ இன்ஜின், மூன்றாம் தலைமுறை. டர்போ என்பது புகையால் சுழலும் டர்பைனைக் கொண்டு, கம்பிரஸர் வழியே காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி; அந்த அழுத்தம்தான் பூஸ்ட். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) முதலில் தீர்மானிப்பது எவ்வளவு டார்க் தர வேண்டும் என்பதைத்தான். அதற்கு எவ்வளவு காற்று, அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட் என்று கணக்குப் போட்டு, டர்பைனுக்குப் போகாமல் புகையை வெளியே விடும் கதவான வேஸ்ட்கேட்டைத் திறந்தும் மூடியும் அந்த அளவைப் பிடித்துவைக்கும். நீங்கள் ஃபில்டரை மாற்றிக் காற்று சுலபமாக உள்ளே வர வழிசெய்தால் என்ன நடக்கும்? இசியு வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் திறந்து, பழைய பூஸ்டிலேயே நிறுத்திவிடும். டர்போவுக்கு வேலை குறைகிறது, ஸ்பூல் ஆவது (டர்போ சுழன்று பூஸ்ட் ஏறுவது) ஒரு துளி முன்னால் வரலாம், அவ்வளவுதான். ரீமேப் செய்து, அதாவது இசியு மென்பொருளை மாற்றி எழுதி, இலக்கையே உயர்த்தினால்தான் பாகங்களுக்கு வேலை வரும். அதனால் ஃபில்டர் வாங்கும் முன்பே, ரீமேப் செய்யப்போகிறோமா இல்லையா, செய்தால் எந்த அளவுக்கு என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். வெறும் ரீமேப்பிலேயே, வேறு எதையும் தொடாமல், இந்தக் கார் 280 குதிரைத்திறனுக்கு மேல் போய்விடும்.

ரீமேப்புக்கும் முன்னால் ஒன்று: ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், பூஸ்ட் பைப்பில் கசிவு. செகண்ட் ஹேண்ட் காரில் இவை மூன்றையும் பார்க்காமல் எதையும் ஏற்றாதீர்கள்.

பேக் பிரஷர் பற்றிய வதந்தி

"கொஞ்சம் பேக் பிரஷர் இருக்கணும், இல்லன்னா டார்க் போயிடும்." எக்ஸாஸ்ட் கடைகளில் காலம் காலமாகச் சொல்லப்படுகிற வாக்கியம் இது. பேக் பிரஷர் என்றால் வெளியேறும் புகையை எக்ஸாஸ்ட் குழாய் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம். டர்போ இல்லாத இன்ஜினில் குழாயின் விட்டம் புகையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ரொம்பப் பெரிதாக்கினால் கீழ் ஆர்பிஎம்மில் டார்க் குறைவது உண்மைதான். அந்த அனுபவத்தை அப்படியே டர்போ காருக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். டர்பைனைச் சுழற்றுவது அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். பின்னால் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

இதில் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தம் பின்னால் உள்ளதைப் போல இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 20 கிலோபாஸ்கல் குறைத்தால், அதே வேலைக்கு முன்னால் ஏறக்குறைய 40 குறையும். இன்ஜின் தள்ள வேண்டிய சுமை அந்த அளவுக்கு இறங்கிவிடும். புகை மிகச் சூடாகவும் வேகமாகவும் இருப்பது டர்போவை ஒட்டிய டவுன்பைப்பில்தான். அங்கேயே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் டவுன்பைப் பவரைத் தொடுகிறது, பின்பக்க சைலன்சர் பெரும்பாலும் காதைத்தான் தொடுகிறது.

ஹெட்டர் (கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடும் குழாய்த்தொகுதி) விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஈஏ888 மூன்றாம் தலைமுறையில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டு, கூலன்ட்டால் குளிர்விக்கப்படுகிறது. தனியாகக் கழற்றி மாற்ற அங்கே பாகமே கிடையாது. இந்தக் காருக்கு ஹெட்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பானெட்டை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

டவுன்பைப் மட்டும் மாற்றிவிட்டு ரீமேப்பைத் தள்ளிப்போடுவது இன்னொரு பழக்கம். புகை சுலபமாக வெளியேறினால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுழலப் பார்க்கும். வேஸ்ட்கேட் துவாரம் சின்னதாக இருந்தால், அது முழுசாகத் திறந்த பிறகும் அதிகப்படிப் புகையை வெளியேற்ற முடியாமல் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். பழைய சுபாரு டபிள்யுஆர்எக்ஸ், எஸ்டிஐ கார்களில் இது நன்றாகத் தெரிந்த தொல்லை. இசியு எரிபொருளை வெட்டினால் கார் திடீரென்று முட்டி நின்றதுபோல் இருக்கும். அது வெட்டியதே அதிர்ஷ்டம்தான். அப்புறம், கன்வெர்ட்டர் இல்லாத குழாய் போட்டால் செக் இன்ஜின் விளக்கு எரியும். அதை மென்பொருளில் அணைத்துத் தருவார்கள். விளக்கு அணைந்தாலும் புகைச் சோதனையில் வரும் அளவு மாறாது.

சூட்டுக் கணக்கு

நம் ஊர் வெயிலில் எல்லோரும் பயப்படுவது இன்ஜின் அறைச் சூட்டை உறிஞ்சும் கோன் ஃபில்டரைத்தான். பயம் நியாயம். ஆனால் அளவு வேறு. 35 டிகிரிக் காற்றை 1 பார் பூஸ்டுக்கு அழுத்தினால், 70 சதவீதத் திறனுள்ள டர்போவிலிருந்து அது ஏறக்குறைய 130 டிகிரியில் வெளியே வரும். ஃபில்டர் 10 டிகிரி அதிகச் சூடான காற்றை இழுத்தால், வெளிவருவது 144 டிகிரிக்குப் பக்கம். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் நல்ல இன்டர்கூலர் அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். இன்ஜினுக்குள் போகும்போது மிஞ்சுவது மூன்று டிகிரி போல. கம்பிரஸர் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும், பெரிய இழப்பு இல்லை.

ஆனால் இன்டர்கூலரே சூடேறிவிட்டால் கதை வேறு. மூன்றாவது கியரில் அடுத்தடுத்து முழுசாக மிதித்துப் பாருங்கள். ஓபிடி போர்ட்டில் (பழுது கண்டறியும் சாக்கெட்) செருகும் ஒரு சின்னக் கருவியும் கைபேசியும் போதும், இன்டேக் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அது மேலே போய், கீழே இறங்க மறுத்தால், இசியு இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் பொறி வைக்கும் நேரத்தை) பின்னுக்கு இழுக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். சென்னையிலோ மதுரையிலோ ஓடுகிற காருக்கு, ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறதென்றால், இன்டேக்கை விட்டுவிட்டு இன்டர்கூலர் வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். வெளியே தெரியாது, சத்தமும் வராது. அதனாலேயே யாரும் வாங்குவதில்லை.

பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தின் சீட்டைக் காட்டி இன்டேக் விற்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பானெட் திறந்திருந்ததா, மூடியிருந்ததா? திறந்த பானெட்டுக்கு முன்னால் பெரிய ஃபேனை வைத்து ஓட்டினால் எந்த ஃபில்டரும் நன்றாகத்தான் தெரியும்.

இன்டேக்கில் உண்மையான ஆபத்து மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள கார்களில் இருக்கிறது. டபிள்யுஆர்எக்ஸ் அப்படிப்பட்டது. குழாயின் நடுவில் இருக்கும் சென்சார் தன்னைக் கடக்கும் காற்றை மட்டும் அளக்கிறது. குழாயின் விட்டம் இவ்வளவு என்று இசியுவில் ஏற்கெனவே எழுதிவைத்ததைக் கொண்டு மொத்தக் காற்றைக் கணக்கிடுகிறது. 70 மில்லிமீட்டர் குழாயை 76 ஆக்கினால் பரப்பு 18 சதவீதம் போலக் கூடிவிடும். அதே காற்று மெதுவாகக் கடக்கும், இசியு குறைவாகப் படிக்கும், பெட்ரோலும் குறைவாகவே போகும். சாதாரணமாக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டிவிடுவதால் எதுவும் தெரியாது. முழு பூஸ்டில் லீனாக (பெட்ரோல் போதாமல்) ஓடி, நாக் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து, பிஸ்டன் உடைகிற நிலைக்குப் போகலாம். எண்ணெய் தடவும் ஃபில்டரைக் கழுவிவிட்டு எண்ணெயை அள்ளிப் பூசினாலும் அது போய் சென்சார் கம்பியில் படியும்.

மழை பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பம்பருக்குக் கீழே ஃபில்டரை இறக்கும் இன்டேக்குகள் சென்னை வேளச்சேரி மாதிரித் தண்ணீர் தேங்கும் இடங்களுக்கு வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

சரி, உங்கள் காரில் ஃபில்டர் பெட்டி உண்மையிலேயே அடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே உள்ள குழாயில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, மெல்லிய ஹோஸை கேபினுக்குள் இழுத்து, வேக்கம் கேஜில் மாட்டுங்கள். முழு மிதியில், உச்ச ஆர்பிஎம்மில், எவ்வளவு காட்டுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்தவர் குறித்துக்கொள்ளட்டும். ஒன்றிரண்டு கிலோபாஸ்கல் என்றால் கம்பெனிப் பெட்டியே போதும், உள்ளே புது பேப்பர் ஃபில்டர் போடுங்கள். பத்தை நெருங்கினால் மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. கேஜும் ஹோஸும் சேர்த்தாலும் ஒரு கோன் ஃபில்டர் விலை வராது.

குழாயின் அளவிலும் ஆசை அதிகம். 300 குதிரைத்திறனுக்கு மூன்று அங்குலம் தாராளம். அதற்கு மேல் போனால் எடை கூடும், ஸ்பீட் பிரேக்கரில் உரசும். நம் ஊரில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஊராட்சி ரோட்டு ஸ்பீட் பிரேக்கரை ஏறி இறங்கும்போது முதலில் அடிபடுவது ஃபிளெக்ஸ் ஜாயின்ட்தான். அது பிய்ந்து, கசிவு ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் வந்துவிட்டால், உள்ளே இழுக்கப்படும் வெளிக்காற்றைப் பார்த்து இசியு தப்பாகப் பெட்ரோல் ஊற்றும். ட்ரோன், அதாவது ஒரே வேகத்தில் போகும்போது கேபினுக்குள் விடாமல் கேட்கும் முழக்கம், இன்னொரு தலைவலி. யூடியூபில் நன்றாகக் கேட்டது என்று, முழக்கத்தை அடக்கும் ரெசனேட்டரை எடுத்துவிட்டவர்கள், திருச்சி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மூன்று மணி நேரம் அந்த முழக்கத்தோடு ஓட்டிப் பார்க்கட்டும். முடிந்தால் அதே எக்ஸாஸ்ட் போட்ட காரில் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்த பிறகு வாங்குங்கள்.

சட்டத்தையும் விற்பவர்கள் சொல்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறினால் 190-ஆவது பிரிவில் 10,000 ரூபாய் வரை தனியாக வரும். கன்வெர்ட்டரை எடுத்த கார் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குள் ஓடலாம். அங்கே போய்ச் சேரும் சாலையில் ஓட அனுமதி இல்லை, டிரெய்லரில்தான் ஏற்றிப் போக வேண்டும்.

ரீமேப் எந்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 100 ஆக்டேனுக்கு எழுதிய மேப்போடு வெளியூர் போய், சாதாரணப் பெட்ரோல் மட்டும் இருக்கும் பங்கில் நிற்க வேண்டி வரலாம். அப்படி ஒரு நாளுக்காகக் குறைந்த ஆக்டேன் மேப் ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள். கழற்றிய ஒரிஜினல் டவுன்பைப், ஃபில்டர் பெட்டி, கிளாம்ப் எல்லாவற்றையும் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். காரை விற்கும்போதும் எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போதும் அவை தேவைப்படும், புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும்.