ஆன்லைன் தேர்வு, கருத்துக்கணிப்பு: தோற்றத்தையும் பக்க அமைப்பையும் சரியாக வைப்பது எப்படி?

கேள்விகளை எல்லாம் அடித்து முடித்துவிட்டீர்கள். எழுத்துப்பிழையும் பார்த்தாயிற்று. லிங்க்கை அனுப்பிவிடலாம் என்று கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், இன்னும் அரை மணி நேர வேலை இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு எத்தனை கேள்வி, வரிசை கலைந்து வர வேண்டுமா, பின்னால் போய்ப் பதிலைத் திருத்தலாமா, முடித்ததும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை அது. நிறைய பேர் இந்தப் பக்கம் வருவதே இல்லை. மென்பொருள் எப்படிக் கொடுத்ததோ அப்படியே விட்டுவிடுகிறார்கள். நல்ல கேள்விகள் வீணாகப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தப் பதிவில் கூகுள் ஃபார்ம்ஸ், மூடுல் (பள்ளி, கல்லூரிகளில் பாடமும் தேர்வும் நடத்த உதவும் மென்பொருள்), லைம்சர்வே (கருத்துக்கணிப்புக்கான மென்பொருள்) மூன்றையும் வைத்து விளக்குகிறேன். ஆங்கில இடைமுகத்தில் பார்க்கும் பெயர்களையே தமிழ் எழுத்தில் தருகிறேன், தேடிக் கண்டுபிடிக்க எளிதாக இருக்கும். நீங்கள் வேறு கருவி பயன்படுத்தினாலும் இதே அமைப்புகள் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும்.

படி 1: இது தேர்வா, கருத்துக்கணிப்பா?

எந்தப் பொத்தானையும் தொடுவதற்கு முன் இதை முடிவு செய்துவிடுங்கள். தேர்வு எழுதுபவர் பாதியில் எழுந்து போக மாட்டார், அவருக்கு மதிப்பெண் வேண்டும். அவருக்கு நாம் தர வேண்டியது நியாயம்: எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு, யாருக்கும் பதில் முன்கூட்டியே தெரியாத நிலை. கருத்துக்கணிப்புக்குப் பதில் சொல்பவருக்கோ நம்மிடம் எந்தக் கடனும் இல்லை. எரிச்சல் வந்த நொடியே மூடிவிட்டுப் போய்விடுவார். அவருக்குத் தேவை எளிமை.

அதனால்தான் ஒரே செட்டிங் ஓரிடத்தில் நல்லதாகவும் இன்னோரிடத்தில் கெடுதலாகவும் இருக்கிறது. கூகுள் ஃபார்ம்ஸில் தேர்வு என்றால் மேலே 'செட்டிங்ஸ்' தாவலில் 'மேக் திஸ் எ க்விஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். கருத்துக்கணிப்பு என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

படி 2: ஒரு பக்கத்துக்கு எத்தனை கேள்வி?

கூகுள் ஃபார்ம்ஸில் நீங்கள் எதுவும் செய்யாவிட்டால் எல்லாக் கேள்விகளும் ஒரே நீளப் பக்கத்தில் வரும். பிரிக்க வேண்டுமென்றால் வலப்பக்கக் கருவிப்பட்டையில் இரண்டு பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் சின்னத்தை அழுத்துங்கள். அதுதான் 'ஆட் செக்‌ஷன்'. ஒவ்வொரு செக்‌ஷனும் பதிலளிப்பவருக்குத் தனிப் பக்கமாகத் தெரியும்.

லைம்சர்வேயில் இதற்கு 'ஃபார்மேட்' என்று பெயர். மூன்று வழிகள் உண்டு: கேள்விக்கு ஒரு பக்கம், கேள்விக் குழுவுக்கு ஒரு பக்கம், எல்லாம் ஒரே பக்கம். மூடுலில் க்விஸ் செட்டிங்ஸுக்குள் 'லேஅவுட்' பகுதியில் 'நியூ பேஜ்' என்று இருக்கும். எத்தனை கேள்விக்கு ஒரு முறை பக்கம் மாற வேண்டும் என்பதை அங்கே சொல்லலாம். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கேள்விகளைச் சேர்த்த பிறகு இந்த எண்ணை மாற்றினால், ஏற்கெனவே உள்ள கேள்விகள் தானாக நகராது. 'ரீபேஜினேட் நவ்' என்ற கட்டத்தையும் டிக் செய்து சேமிக்க வேண்டும். செட்டிங்கை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று குழம்புபவர்களுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கருத்துக்கணிப்பில் பத்துக் கேள்விக்குள் என்றால் ஒரே பக்கம் போதும். அதற்கு மேல் போனால் பொருள் வாரியாகப் பிரித்து, ஒரு பக்கத்தில் நான்கைந்து கேள்வி வையுங்கள். தேர்வில் இதோடு இன்னொரு விஷயமும் சேர்கிறது: பக்கம் மாறும்போது மூடுல் பதில்களைச் சேமித்துக்கொள்ளும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடங்களில் இருப்பவர்களுக்கு ஐம்பது கேள்வியையும் ஒரே பக்கத்தில் போடுவது அநியாயம். அதற்காகக் கேள்விக்கு ஒரு பக்கம் என்று வைத்தால், மெதுவான இணைப்பில் ஒவ்வொரு பக்கமும் திறக்கும்வரை நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஐந்து கேள்விக்கு ஒரு பக்கம் என்பது என் வழக்கம்.

படி 3: வரிசையைக் கலைத்தல்

இதில் நிதானமாக இருங்கள், அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான். கலைத்தல் இரண்டு வகை: கேள்விகளின் வரிசையைக் கலைப்பது, ஒரு கேள்விக்குள் இருக்கும் விடைத் தெரிவுகளைக் கலைப்பது.

கூகுள் ஃபார்ம்ஸில் முதல் வகை 'செட்டிங்ஸ்' தாவலின் 'பிரசன்டேஷன்' பகுதியில், 'ஷஃபிள் க்வெஸ்டின் ஆர்டர்' என்ற பெயரில் இருக்கிறது. இரண்டாவது வகையை ஒவ்வொரு கேள்விக்கும் தனியாக வைக்க வேண்டும். கேள்வியின் கீழ் வலது மூலையில் மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷஃபிள் ஆப்ஷன் ஆர்டர்' வரும். மூடுலில் கேள்வி வரிசைக்கான 'ஷஃபிள்' கட்டம் கேள்விகளைச் சேர்க்கும் பக்கத்தில் இருக்கும். தெரிவுகளுக்கானது க்விஸ் செட்டிங்ஸில் 'ஷஃபிள் விதின் க்வெஸ்டின்ஸ்'.

ஒருமுறை ஒரு வாசிப்புத் தேர்வு தயாரித்தேன். ஒரு பத்தி, அதன்மேல் ஐந்து கேள்விகள். பத்தியை முதல் கேள்விக்குள்ளேயே ஒட்டிவிட்டேன். பிறகு, பார்த்து எழுதுவதைத் தடுக்கலாம் என்று வரிசைக் கலைப்பை ஆன் செய்தேன். என் திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, ஏனென்றால் எடிட் செய்யும் பக்கத்தில் வரிசை கலையாது. எழுதியவர்களுக்கோ "மேலே உள்ள பத்தியில் வரும் 'அவர்' யார்?" என்பது முதல் கேள்வியாக வந்திருக்கிறது, மேலே பத்தியே இல்லை. பத்தி நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ கீழே கிடந்திருக்கிறது. கையில் நேரம் குறைவாக இருக்கும்போது அதைத் தேடிக் கீழே இறங்கிப் பார்க்க எத்தனை பேருக்குத் தோன்றும்? அந்த ஐந்து கேள்விகளுக்கும் எல்லோருக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இதற்குத் தீர்வு எளிது. பத்தியைத் தனி செக்‌ஷனின் விளக்கப் பகுதியில் வையுங்கள், அதற்கான கேள்விகள் அந்த செக்‌ஷனுக்குள்ளேயே இருக்கட்டும். கூகுள் ஃபார்ம்ஸ் செக்‌ஷனுக்குள் இருக்கும் கேள்விகளைத்தான் கலைக்கும், செக்‌ஷன்களின் வரிசை மாறாது. கூடவே கேள்வியில் 'மேலே உள்ள', 'முந்தைய கேள்வியில்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். விடைத் தெரிவுகளில் 'மேற்கண்ட அனைத்தும்', 'அ, இ இரண்டும்' இருந்தால் அந்தக் கேள்விக்கு மட்டும் தெரிவுக் கலைப்பை அணைத்துவிடுங்கள். 'மேற்கண்ட அனைத்தும்' முதல் வரியில் வந்து நின்றால் பொருளே இருக்காது.

கருத்துக்கணிப்பிலும் தெரிவுக் கலைப்புக்கு ஒரு நல்ல பயன் உண்டு. நீளமான பட்டியலைக் கண்ணால் படிப்பவர்கள் மேலே இருப்பதையே அதிகம் தேர்ந்தெடுக்கும் போக்கு இருக்கிறது. கலைத்து வைத்தால் அந்தச் சாய்வு எல்லாத் தெரிவுகளுக்கும் சமமாகப் பங்காகிவிடும். ஆனால் 'மிகவும் திருப்தி' முதல் 'திருப்தியே இல்லை' வரை படிப்படியாக இறங்கும் அளவுகோலை ஒருபோதும் கலைக்காதீர்கள். வயது வரம்பு, மாதங்கள் போன்ற இயல்பான வரிசை உள்ளவற்றையும் அப்படித்தான்.

படி 4: பின்னால் போகலாமா?

மூடுலில் 'நேவிகேஷன் மெத்தட்' என்ற அமைப்பில் 'ஃப்ரீ', 'சீக்வென்ஷியல்' என இரண்டு உண்டு. சீக்வென்ஷியல் வைத்தால் கடந்துபோன பக்கத்துக்குத் திரும்ப முடியாது. ஒரு கேள்வியின் விடை அடுத்த கேள்வியில் வெளிப்பட்டுவிடும் தேர்வுக்கு மட்டும் இது பொருந்தும். மற்றபடி, தெரியாததை விட்டுவிட்டுப் பிறகு வருவது தேர்வு எழுதுபவர்கள் காலம்காலமாகச் செய்வது, அதைப் பறிக்காதீர்கள். லைம்சர்வேயில் இதுவே 'அலவ் பேக்வர்ட் நேவிகேஷன்'. கருத்துக்கணிப்பில் அதை ஆன் செய்தே வையுங்கள்.

படி 5: முன்னேற்றப் பட்டை

கூகுள் ஃபார்ம்ஸில் 'பிரசன்டேஷன்' பகுதியில் 'ஷோ ப்ராக்ரஸ் பார்'. பட்டை பக்கக் கணக்கில்தான் நகரும், ஆகவே ஒரே செக்‌ஷன் உள்ள ஃபார்முக்கு அது தேவையில்லை. பட்டை இருந்தாலே எல்லோரும் முடித்துவிடுவார்கள் என்று நம்பிவிடவும் வேண்டாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு, இதுபற்றிய பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, சீராக நகரும் பட்டையால் இடையில் விலகுவது பெரிதாகக் குறையவில்லை என்று சொன்னது. தொடக்கத்தில் மெதுவாக நகரும் பட்டை விலகுவோரை அதிகமாக்குகிறது என்பதும் அதில் தெரிந்தது. எனவே முதல் பக்கத்தைச் சின்னதாக வையுங்கள். பட்டை சட்டென்று ஓரடி நகர்ந்தால் தொடர மனம் வரும்.

படி 6: கட்டக் கேள்விகளும் கைபேசியும்

இடப்பக்கம் எட்டு வாக்கியங்கள், மேலே ஐந்து தெரிவுகள், நடுவே வட்டங்கள். கணினியில் பார்த்தால் இந்த 'மல்டிபிள் சாய்ஸ் கிரிட்' அழகாகத்தான் இருக்கும். அதையே கைபேசியில் திறந்து பாருங்கள். முதல் இரண்டு மூன்று நெடுவரிசைதான் தெரியும், மற்றவை திரைக்கு வெளியே. விரலால் பக்கவாட்டில் இழுத்தால் வரும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிகிற வட்டத்தில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு முடிவைப் பார்த்து 'எல்லோருக்கும் நல்ல திருப்தி' என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம்.

கட்டத்தை உடைத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிக் கேள்வியாக, தெரிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருமாறு வையுங்கள். பக்கம் நீளும், பரவாயில்லை. கட்டம்தான் வேண்டும் என்றால் தெரிவுகளை மூன்றாகக் குறைத்து, தலைப்புச் சொற்களைச் சுருக்கமாக வையுங்கள்.

கட்டாயக் கேள்விக்கும் ஒரு வரம்பு வேண்டும். கருத்துக்கணிப்பில் எல்லாவற்றுக்கும் 'ரிக்வயர்ட்' போட்டால், சொல்ல விரும்பாதவர் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். லைம்சர்வேயில் கட்டாயமற்ற கேள்விகளுக்கு 'நோ ஆன்சர்' என்ற தெரிவைக் காட்டும் வசதி இருக்கிறது, அதை விட்டுவையுங்கள்.

படி 7: நிறம், எழுத்து

கூகுள் ஃபார்ம்ஸில் மேலே உள்ள வண்ணத்தட்டுச் சின்னத்தை அழுத்தினால் தீம் பலகை திறக்கும். தலைப்புப் படம், நிறம், பின்னணி, எழுத்துரு எல்லாம் அங்கேதான். தலைப்புப் படம் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கட்டும்: 1600க்கு 400 பிக்சல் சரியாகப் பொருந்தும்.

தமிழில் ஃபார்ம் போடுபவர்களுக்கு ஒன்று. அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் கிடையாது. தேர்ந்தெடுத்தாலும் தமிழ் வரிகள் அந்தந்தக் கருவியில் இருக்கும் எழுத்துருவில்தான் தெரியும். ஆகவே எழுத்துருவோடு மல்லுக்கட்டாமல் அளவைக் கவனியுங்கள். ணூ, ஞை போன்ற எழுத்துகள் சிறிய அளவில் குழம்பிப்போகும். ஒரு படி பெரிதாக வைத்தால் படிப்பவர் கண்ணுக்கு நிம்மதி.

நிறத்துக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யுசிஏஜி வழிகாட்டுதலின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தில் வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) வேண்டும். வெளிர்சாம்பல் எழுத்து வெள்ளைப் பின்னணியில் இதைத் தாண்டாது. சரியான விடையைப் பச்சை, தவறைச் சிவப்பு என்று நிறத்தால் மட்டும் காட்டவும் வேண்டாம், நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம்.

படி 8: முடித்த பிறகு என்ன தெரியும்?

கூகுள் ஃபார்ம்ஸின் 'பிரசன்டேஷன்' பகுதியில் 'கன்ஃபர்மேஷன் மெசேஜ்' என்ற இடத்தில் உங்கள் சொற்களில் ஒரு வரி எழுதுங்கள்: பதில் வந்து சேர்ந்தது, முடிவு எப்போது தெரியும். அவ்வளவு போதும்.

அதே பகுதியில் 'வியூ ரிசல்ட்ஸ் சம்மரி' என்று ஒன்று இருக்கும். ஆன் செய்தால், பதிலளித்தவர் மற்ற எல்லோருடைய பதில்களின் தொகுப்பையும் பார்க்க முடியும், சொந்தச் சொற்களில் எழுதிய கருத்துகள் உட்பட. மனம் திறந்து எழுதியவர்களுக்கு இது துரோகம். இரண்டு வகைக்கும் இதை அணைத்தே வையுங்கள்.

தேர்வில் இன்னும் ஒரு வாசலை மூட வேண்டும். க்விஸ் ஆக்கியதும், சமர்ப்பித்த உடனே மதிப்பெண்ணையும் சரியான விடைகளையும் காட்டும்படி இருக்கலாம். முதலில் முடித்தவர் கையில் விடைத்தாள் கிடைத்தது போலத்தான். 'ரிலீஸ் கிரேட்ஸ்' என்பதில் பிறகு வெளியிடும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அத்துடன் 'அலவ் ரெஸ்பான்ஸ் எடிட்டிங்' ஆஃப் ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். விடையும் தெரிந்து, திருத்தவும் முடிந்தால் தேர்வு எதற்கு?

மூடுலில் இந்த வேலையை 'ரிவியூ ஆப்ஷன்ஸ்' செய்கிறது. சரியான விடைக்கான டிக்கை 'ஆஃப்டர் த க்விஸ் இஸ் க்ளோஸ்ட்' பத்தியில் மட்டும் வையுங்கள். ஆனால் தேர்வுக்கு முடியும் தேதி வைத்திருக்க வேண்டும். தேதி இல்லாத தேர்வு மூடப்படுவதே இல்லை, விடையும் யாருக்கும் தெரியவராது.

படி 9: கைபேசியில் ஒருமுறை

கூகுள் ஃபார்ம்ஸில் மேலே உள்ள கண் சின்னத்தை அழுத்தி முன்னோட்டம் பாருங்கள். அதோடு நிறுத்தாமல் லிங்க்கை உங்கள் கைபேசிக்கே அனுப்பி, உங்கள் கணக்கில் நுழையாத உலாவியில் திறந்து, முதல் கேள்வியிலிருந்து கடைசிவரை பதில் சொல்லிச் சமர்ப்பியுங்கள். வரிசைக் கலைப்பு வைத்திருந்தால் இரண்டு மூன்று முறை திறந்து பாருங்கள். ஓரிடத்தில் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் அடுத்த பக்கம் போக முயலுங்கள். இன்னொருவரிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் கவனித்தால் இன்னும் நல்லது. அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே ஏதோ சரியில்லை.

பிறகு சோதனைப் பதில்களை அழித்துவிட்டு லிங்க்கை அனுப்புங்கள். பதில்கள் வரத் தொடங்கிய பிறகு நிறத்தையோ படத்தையோ மாற்றலாம், தெரிவுகளின் சொற்களை மட்டும் தொடாதீர்கள். 'ஆம்' என்று இருந்ததை 'ஆமாம்' என்று மாற்றினால்கூட, பதில்கள் சேரும் ஷீட்டில் பழையவர்கள் 'ஆம்' என்றும் புதியவர்கள் 'ஆமாம்' என்றும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நிற்பார்கள், எண்ணும்போது நீங்கள்தான் கையால் சேர்க்க வேண்டியிருக்கும்.