நிச்சயமான நாளிலிருந்து கல்யாண நாள் வரை: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

நிச்சயம் முடிந்த வாரத்தில் பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்பது, "எப்போ கல்யாணம்? எங்கே?" கேட்கக் கேட்க, இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கும் வந்துவிடும். எங்களுக்கும் வந்தது. மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டு, எத்தனை பேர் வருவார்கள் என்று அப்புறம் உட்கார்ந்து எண்ணினோம். இடம் 180 பேருக்கு. எண்ணி முடித்தபோது பட்டியலில் 260 பேர் இருந்தார்கள். முன்பணம் கொடுத்தாயிற்று, அது திரும்ப வராது. யாரை விடுவது என்ற பேச்சிலேயே அடுத்த மூன்று வாரம் போனது. விடுபட்டவர்களில் ஒன்றிரண்டு பேர் இன்றும் பழையபடி பேசுவதில்லை.

அதற்குப் பிறகு என் தங்கையின் கல்யாணத்துக்கும் இரண்டு நண்பர்களின் கல்யாணத்துக்கும் கூடவே இருந்து வேலை பார்த்தேன். அதில் தேறிய வரிசை இது. முதல்முறையாக இதில் இறங்குபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

படி 1: முதல் வாரம் எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்

இருவரும் தனித்தனியாக ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டாயம் வேண்டும் என்று மூன்று விஷயம், வேண்டவே வேண்டாம் என்று ஒன்று. எழுதி முடித்த பிறகுதான் காட்டிக்கொள்ள வேண்டும்.

என் மனைவியின் தாளில் முதல் வரி, "பாட்டி முன்வரிசையில், நல்ல நாற்காலியில்." எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனால் படிக்கட்டு இல்லாத இடம், கழிப்பறைக்குப் பக்கத்து வரிசை, சீக்கிரம் முடியும் நிகழ்ச்சி என்று பல முடிவுகள் அந்த ஒரு வரியிலிருந்துதான் வந்தன. பின்னால் ஏதாவது ஒன்றில் இழுபறி வந்தபோதெல்லாம் அந்த இரண்டு தாளையும்தான் எடுத்துப் பார்த்தோம். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தலைகளை எண்ணுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நாற்காலி, மேசை, சாப்பாடு, அழைப்பிதழ், வண்டி, மண்டபத்தின் அளவு எல்லாம் ஆள் எண்ணிக்கையோடு சேர்ந்து ஏறும், இறங்கும். போட்டோகிராபர், ஒலி அமைப்பு, உங்கள் உடை இவையெல்லாம் 50 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் கிட்டத்தட்ட அதே செலவுதான். ஆகவே செலவு கைமீறும்போது அலங்காரக்காரரிடம் பேரம் பேசிக் குறைவது கொஞ்சம். பட்டியலில் 20 பேரைக் குறைத்தால் குறைவதுதான் நிஜமான தொகை.

ஸ்ப்ரெட்ஷீட் ஒன்றைத் திறந்து, இரண்டு வீட்டிலும் ஒருவருக்கு அனுமதி கொடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு வரிசை. வீட்டுத் தலைவர் பெயர், எத்தனை பெரியவர்கள், எத்தனை குழந்தைகள், எந்தப் பக்கத்து உறவு, போன் எண், உணவில் ஒவ்வாமை உண்டா, பதில் வந்ததா. இவ்வளவு கட்டங்கள் போதும். வீட்டுக்கு ஒரு வரிசை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிதாகத் திட்டமிடுபவர்கள் ஆளுக்கொரு அழைப்பிதழ் கணக்குப் போட்டு இரண்டு மடங்கு அச்சடித்துவிடுகிறார்கள். எங்கள் 180 பேர் எண்ணிப் பார்த்தால் 74 வீடுகள்தான்.

அடுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். இவர்கள் வராமல் கல்யாணமே இல்லை என்பவர்கள் 1. வந்தால் மனம் நிறையும் என்பவர்கள் 2. கூப்பிடாவிட்டால் தப்பாக நினைப்பார்களே என்பதற்காக மட்டும் இருப்பவர்கள் 3. முதலில் 1-ஐ மட்டும் கூட்டிப் பாருங்கள். அந்த எண்ணிக்கைக்குக் கீழே எந்த இடத்தையும் பார்க்க வேண்டாம். 3-இல் யாரையாவது விடுவதானால் ஒரே உறவு முறையில் ஒருவரைக் கூப்பிட்டு இன்னொருவரை விடாதீர்கள். ஒரு அத்தை வீட்டைக் கூப்பிட்டால் எல்லா அத்தை வீடும். அலுவலகத்தில் ஒரு குழுவில் பாதிப் பேரைக் கூப்பிட்டால் மீதிப் பாதிக்கு மனம் நோகும். மொத்தக் குழுவையும் விட்டால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

பெற்றோரிடம் "குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதில் பயன் இல்லை. "உங்கள் பக்கத்துக்கு 60 இடம் இருக்கிறது, யார் யார் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். என் அப்பா இரண்டே நாளில் பட்டியல் கொடுத்துவிட்டார்.

படி 3: பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள்

யார் எவ்வளவு தருகிறார்கள், எந்த மாதம் தருகிறார்கள் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். "பார்த்துக்கலாம்" என்பதை வருமானமாக எழுதிக்கொள்ளக் கூடாது. கணக்கு எளிது. ஒரு ஆளுக்கான செலவை ஆள் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அதோடு மாறாத செலவுகளைக் கூட்டுங்கள். வந்த மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கென்று மேலே சேர்த்துத் தனியாக எடுத்துவைத்துவிட்டு, அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு செலவுக்கும் நான்கு கட்டம்: நாம் நினைத்தது, பேசி முடித்தது, இதுவரை கொடுத்தது, பாக்கியை எப்போது கொடுக்க வேண்டும். கடைசிக் கட்டத்தைப் பலர் போடுவதே இல்லை. பாக்கி பெரும்பாலும் கல்யாணத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மொத்தமாக வந்து நிற்கும். அப்போது கையில் பணம் இருக்குமா என்பதை ஐந்து மாதம் முன்பே பார்த்துவிடலாம். விலை கேட்கும்போது வரி, சேவைக் கட்டணம், கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு, வேலை செய்ய வருபவர்களின் சாப்பாடு, போக்குவரத்து இவை உள்ளேயா வெளியேயா என்றும் கேளுங்கள். விலைப்பட்டியலில் இல்லாத செலவு வருவது இந்த ஐந்திலிருந்துதான்.

இந்த ஒரு நாளுக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதிதாகக் குடும்பம் தொடங்கும் முதல் வருடத்தில் மாதத் தவணை கட்டுவது மிகவும் சிரமம். தொகை போதவில்லை என்றால் படி 2-க்குத் திரும்பிப் போங்கள்.

படி 4: நாள், இடம்

ஒரு நாளைக் குறித்துக்கொண்டு இடம் தேடாதீர்கள். மூன்று நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் 1 போட்டவர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கு ஒரு போன் போட்டு எந்த நாள் சரிப்படும் என்று கேட்டுவிட்டு அப்புறம் இடத்துக்குப் போங்கள்.

நிகழ்ச்சி எந்த நேரமோ அதே நேரத்தில் இடத்தைப் போய்ப் பாருங்கள். காலையில் பளிச்சென்று இருந்த கூடம் மாலையில் இருண்டு கிடக்கலாம், வாசலில் வண்டிகள் நகராமல் நிற்கலாம். உள்ளே போனதும் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து மேடை தெரிகிறதா என்று பாருங்கள். மின்சாரம் போனால் எத்தனை நிமிடத்தில் ஜெனரேட்டர் வரும், அது ஏசிக்கும் போதுமா, விளக்குக்கு மட்டுமா? சக்கர நாற்காலி ஏற சாய்தளம் உண்டா? அலங்காரம் செய்ய எத்தனை மணிக்குக் கதவைத் திறப்பார்கள்? இரவு எத்தனை மணிக்கு ஒலியை நிறுத்த வேண்டும்? திறந்தவெளி என்றால் மழைக்கு மாற்று இடம் எது? "500 பேர் கொள்ளும்" என்று சொன்னால், உட்கார்ந்தா நின்றா என்று கேளுங்கள். மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவதற்கு நிறைய இடம் பிடிக்கும். ஐந்து அடி விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேர் தாராளமாக உட்காரலாம், 10 பேர் என்றால் முழங்கை இடிக்கும். 180 பேருக்கு 23 மேசை. அவற்றுக்கிடையே நாற்காலியை நகர்த்தவும் பரிமாறுபவர் நடக்கவும் வழி வேண்டும்.

பிடித்துவிட்டதென்றால் எழுத்தில் வாங்குங்கள். தேதி, நேரம், மொத்தத் தொகை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், அவர்கள் ரத்து செய்தால் என்ன ஆகும். நாங்கள் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே முடித்திருந்தோம். அதனால்தான் முன்பணத்தைக் கேட்க வழியில்லாமல் போனது.

படி 5: ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம் மட்டுமே எடுக்கும் ஆட்கள்

அடுத்து யாரைப் பிடிப்பது என்று குழம்பினால், ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இவரால் ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை செய்ய முடியுமா? முடியாது என்றால் அவரை முதலில் பிடிக்க வேண்டும். போட்டோகிராபர், சமையல் குழு, ஒப்பனை செய்பவர், இசைக் குழு எல்லோரும் அப்படித்தான். அழைப்பிதழ், பூ, பரிசுப் பொருள் எல்லாம் காத்திருக்கும்.

போட்டோகிராபரிடம் அவர் பொறுக்கி வைத்திருக்கும் அழகான 30 படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏதாவது ஒரு கல்யாணத்தின் முழு ஆல்பத்தையும் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் குறைந்த கூடத்தில் எடுத்த படங்களில் முகம் தெளிவாக இருக்கிறதா? விருந்தினர்களின் முகம் எத்தனை படத்தில் இருக்கிறது? அன்று வரப்போவது அவரேவா, வேறொருவரா என்பதையும் ஒப்பந்தத்தில் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.

படி 6: சட்டப்படியான பதிவு

இதற்குக் கொஞ்ச நேரம்தான் தேவை, ஆனால் மறந்துவிடக் கூடாது. சில நாடுகளில் பதிவுக்கு 28 நாள், 30 நாள் என்று முன்னறிவிப்புக் காலம் இருக்கிறது. உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும், என்னென்ன ஆவணம், எத்தனை சாட்சி என்று முதல் மாதத்திலேயே பதிவு அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஆவணத்தில் பெயர் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் திருத்துவதற்குத்தான் நாள் பிடிக்கும். கல்யாணம் முடிந்த கையோடு வெளிநாட்டுப் பயணம் போவதானால், பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயரில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

படி 7: அழைப்பிதழ், உடை

அழைப்பிதழை எழுதியவரே பிழை பார்க்கக் கூடாது. தெரிந்த பெயரைக் கண் தானாகவே சரியாகப் படித்துவிடும். வீட்டில் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் எழுத்து எழுத்தாகப் பார்க்கட்டும். ர-வும் ற-வும், ல-வும் ள-வும் மாறியிருப்பது அப்போதுதான் தெரியும். நீங்கள் போனில் தட்டச்சு செய்து அனுப்பிய தமிழ் அச்சகத்தின் எழுத்துருவுக்கு மாறும்போது கொம்பும் துணைக்காலும் இடம் மாறிவிடலாம். அதனால் அச்சகத்திலிருந்து வரும் கடைசி மாதிரியை மட்டும் பார்த்துச் சரி சொல்லுங்கள். தேதிக்குப் பக்கத்தில் போட்ட கிழமை சரிதானா என்று நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள். தங்கை கல்யாணத்தில் அச்சுக்குப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பிடித்த பிழை அது.

தைக்கும் உடை என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே முதல் அளவு முடிந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை போட்டுப் பார்க்கும்போது அன்று போடப்போகும் காலணியோடு போடுங்கள், உட்காருங்கள், கையைத் தூக்குங்கள், படி ஏறுங்கள்.

படி 8: கடைசி மாதம்

வருகிறோம், வரவில்லை என்ற பதிலுக்குக் கடைசித் தேதியாகக் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாளைப் போடுங்கள். அன்று வரை பதில் சொல்லாதவர்களுக்கு நீங்களே போன் செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீலக்குறி மட்டும்தான் வரும். சமையல் குழுவுக்குக் கடைசி எண்ணிக்கை வழக்கமாக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் முன்பு தேவைப்படும்.

பிறகு நேர அட்டவணை. கல்யாணம் தொடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். 10 மணிக்கு நிகழ்ச்சி என்றால், 9 மணிக்கு இருவரும் தயாராகி இடத்தில் இருக்க வேண்டும். அதற்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, அதற்கு ஒப்பனை எத்தனை மணிக்குத் தொடங்குவது என்று கீழிருந்து மேலே போங்கள். குடும்பப் படங்களுக்கு ஒரு கூட்டத்துக்கு 3 நிமிடம் என்று வைத்தால் 12 கூட்டத்துக்கு 36 நிமிடம். யார் யாரோடு நிற்கிறார்கள் என்ற பட்டியலை, இரண்டு வீட்டு முகங்களும் தெரிந்த ஒரு உறவினரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். போட்டோகிராபருக்கு உங்கள் சித்தப்பா யாரென்று தெரியாது.

அன்று உங்கள் இருவருக்கும் போன் வரவே கூடாது. வழி தெரியவில்லை, பூ வரவில்லை, மைக் வேலை செய்யவில்லை என்று எதுவானாலும் நம்பிக்கையான ஒருவரின் எண்ணுக்குத்தான் போக வேண்டும். அம்மா அப்பாவை அதற்குப் போடாதீர்கள், அவர்களும் அன்று நிம்மதியாக உட்காரட்டும். எல்லா ஆட்களின் எண்ணும் நேர அட்டவணையும் ஒரே தாளில் அடித்து, பொறுப்பெடுத்தவரிடம் ஐந்து பிரதி கொடுங்கள். பாக்கிப் பணத்தை ஆள்வாரியாக உறையில் போட்டு, மேலே பெயரும் தொகையும் எழுதி அவரிடமே ஒப்படையுங்கள்.

ஒரு சின்னப் பையும் வேண்டும். ஊக்கு, ஊசி நூல், கத்தரிக்கோல், தலைவலி மாத்திரை, பிளாஸ்டர், ஈரத்துணி, சார்ஜர், மைக்குக்கு மாற்று பேட்டரி. எங்கள் பையில் ஊக்கு மட்டும்தான் தீர்ந்தே போனது.

உங்களுக்கு 12 மாதம் இருந்தால் முதல் ஐந்து படிகளை மூன்று மாதத்தில் முடித்துவிட்டு, நடுவில் ஒரு மாதம் கல்யாணப் பேச்சே இல்லாமல் இருங்கள். 6 மாதம்தான் என்றால் அதே ஐந்து படிகளுக்கு நான்கு வாரம். 3 மாதம் என்றால் வார நாளைப் பாருங்கள், எண்ணிக்கையை 1 போட்டவர்களோடு நிறுத்துங்கள்.

படி 9: மறுநாள்

வாடகைக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது யார் என்று முன்பே பெயர் குறித்திருக்க வேண்டும். படங்கள் வந்ததும் மூன்று பிரதி எடுங்கள்: ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று கிளவுடிலோ வேறொரு வீட்டிலோ. அப்புறம் அந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் "நன்றி சொன்னோமா" என்று இன்னொரு கட்டம் சேர்த்து, ஒரு நாளைக்கு நான்கு வீடு என்று போன் செய்யுங்கள். எங்கள் 74 வீட்டுக்கும் 19 நாள் ஆனது. அதில் ஒரு மாலை முழுவதும் பாட்டியின் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தோம்.