காரை ஜாக்கியில் தூக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் 'நெறுக்' என்று ஒரு சத்தம். கேட்டதுமே என்னவென்று தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்தால், நாலு வீடு தள்ளி இருக்கும் தம்பி, மச்சானிடம் இரவல் வாங்கிய, சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்தபடி திகைத்து நிற்கிறான். ஜாக்கி உட்கார்ந்திருந்தது கதவுக்குக் கீழே ஓடும் பிளாஸ்டிக் பட்டையில். "உள்ளே இரும்புதானே அண்ணே, தாங்கும்னு நெனச்சேன்" என்றான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அதையேதான் நினைத்தேன்.

வீல் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் இளக்கிக்கொள்வது, வண்டிக்குள் ஆளை உட்கார வைத்துக்கொண்டு தூக்காதது எல்லாம் பஞ்சர் கடையில் கால்மணி நேரம் நின்றவருக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜாக்கி உட்காரும் இடம்

என்னுடையது பழைய ஆல்ட்டோ. பிரேக் பேடு மாற்ற முன்பக்கம் இடது சக்கரத்தைத் தூக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். கதவுக்குக் கீழே இரண்டு தகடுகள் சேர்ந்து கத்தி விளிம்பு போல ஒரு மடிப்பு தொங்குகிறது. அதற்கு ஒரு அங்குலம் உள்ளே தட்டையாக, பார்க்க அழகாக ஒரு இடம். அங்கேதான் வைத்தேன். கைப்பிடியை நாலு தடவை அடித்ததும் வண்டி ஏறவில்லை, தகடுதான் ஏறியது. உள்ளே கால்மிதிக்குக் கீழே தரை மேடு தட்டிவிட்டது.

கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் பெரிய முட்டாள்தனம். அடியில் பூசியிருந்த கறுப்புப் பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடித்திருந்தது, நான் கவனிக்கவில்லை. நம்மூர்க் காற்று எப்படிப்பட்டது? தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து வரும் உப்பு ஜன்னல் கம்பியையே தின்னுகிறது. வெறும் தகட்டை விடுமா? அடுத்த ஐப்பசி மழையில் காருக்குள் ஈரச் சாக்கு வாடை. கால்மிதியைத் தூக்கினால் இரண்டு விரல் நுழையும் ஓட்டை, அதன் வழியே தெரு தெரிகிறது. டிங்கர் வேலைக்கு 7,500 ரூபாய், மூன்று நாள். அந்த டிங்கர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தட்டுனது தப்பில்ல சார். தட்டிட்டு ஒரு கோட்டிங்கூட அடிக்காம விட்டீங்க பாருங்க."

எரிச்சல் என்னவென்றால், ஜாக்கி வைக்கும் இடத்தை வண்டியோடு வரும் புத்தகத்திலேயே படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். பெரும்பாலான சின்னக் கார்களில் அந்த மடிப்பில், முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் வைக்க வேண்டும். அங்கேதான் உள்ளே பலப்படுத்தியிருக்கும். கையை விட்டுத் தடவினாலே வெட்டு தட்டுப்படும். நான் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையோடு பத்திரமாக வைத்திருந்தேன், பிரிக்கவே இல்லை.

இடம் சரியாக இருந்தாலும் இன்னொன்று உண்டு. வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் இருக்கும், மடிப்பு அதற்குள் போய் நிற்கும். டிராலி ஜாக்கிக்குத் தலை வட்டத் தட்டு. அதன் மேல் மடிப்பு நேராக ஏறினால் வளைந்துவிடும். அதனால் நடுவில் ஒரு கட்டை வேண்டும். உள்ளங்கை அகலத்தில் வேப்பங்கட்டை ஒன்றை எடுத்து, மடிப்பு நுழையும் அளவுக்கு ஒரு காடி எடுத்துக்கொண்டேன். முதல் கட்டையில் காடியை நார் ஓடும் திசையிலேயே எடுத்திருந்தேன். எடை ஏறியதும் அடுப்பு விறகு மாதிரி இரண்டாகப் பிளந்தது. நாருக்குக் குறுக்கே எடுத்த இரண்டாவது கட்டை இன்றுவரை உழைக்கிறது.

பழைய வண்டியென்றால் ஸ்குரூ டிரைவர் பிடியால் மடிப்பைத் தட்டிப் பாருங்கள். துருச் செதில் உதிர்ந்தாலோ, சத்தம் மொத்தென்று வந்தாலோ அங்கே தூக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் நின்ற ஒரு காரை மலிவாகக் கிடைக்கிறதே என்று நண்பர் வாங்கினார். தட்டியபோது வெளிப் பெயின்ட்தான் மிச்சம், உள்ளே அப்பளம்.

இஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பரும் பார்க்கத் தட்டையாகத்தான் இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தரை

மணலில் ஜாக்கி இறங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மணல் மேல் பரப்பிய பேவர் பிளாக்கும் இறங்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஜாக்கி ஒரே கல்லில் நின்றால் அந்த ஒரு கல் மட்டும் புதையும், ஜாக்கி சாயும். அடியில் தடித்த பலகை போடுங்கள். டிராலி ஜாக்கியென்றால் பலகை அதன் எல்லாச் சக்கரங்களும் ஏறி உருளும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வண்டி உயர உயர அந்த ஜாக்கி கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும்.

நம் வீடுகளில் கார் நிற்கும் போர்ட்டிகோவுக்கு அடியில்தான் தண்ணீர்த் தொட்டியோ செப்டிக் டேங்கோ இருக்கும். நாலு சக்கரத்தில் பரவி நிற்கும் எடை வேறு, அரையடித் தட்டில் ஒரே இடத்தில் இறங்கும் எடை வேறு. மூடிப் பலகை மேல் ஜாக்கி வைக்காதீர்கள்.

'கியர்ல இருக்கு, எங்கே போகும்?'

போகும். முன்சக்கரத்தில் ஓடும் வண்டியில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கினால், இரண்டு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் காரணமாக அந்தரத்தில் இருக்கும் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றிக்கொடுக்கும், தரையில் இருப்பது உருளும். அப்போது பிடிப்பது ஹேண்ட் பிரேக்தான். பின்பக்கம் இரண்டையும் தூக்கினால் கதை தலைகீழ். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும், அவையோ அந்தரத்தில். அதனால் கியர், ஹேண்ட் பிரேக் இரண்டும் போடுங்கள். அப்புறம் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை.

செங்கல், ஹாலோ பிளாக்

தூக்கிய வண்டியைத் தாங்க இவற்றை அடியில் வைக்க வேண்டாம். விரிசல் விட்டு எச்சரிக்காது, நொறுங்கித்தான் தெரியும்.

ஜாக்கியை நம்பி அடியில் போவது

தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்பு ஸ்டாண்டு இல்லையா, அன்றைக்கு வேலை இல்லை.

டிராலி ஜாக்கி மாதிரி எண்ணெய் அழுத்தத்தில் ஏறும் ஹைட்ராலிக் ஜாக்கியின் சீல் எப்போது ஒழுகும் என்று அதற்கே தெரியாது. என்னுடையது ஒரு நாள் ஒரு டீ குடித்து வருவதற்குள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு, ஒரு தடவை வண்டியைத் தோளால் தள்ளி ஆட்டிப் பார்த்துவிட்டு அடியில் போங்கள்.

டிக்கியில் தூங்கும் ஜாக்கி

இரவு ஒன்பது மணிக்கு நெல்லிக்குப்பம் ரோட்டில் பஞ்சர். பக்கத்தில் கரும்பு டிராக்டர்கள் உரசிக்கொண்டு போகின்றன. ஜாக்கியை எடுத்தால் திருகாணி துருப்பிடித்து அசைய மாட்டேன் என்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதை வெளியே எடுத்ததே இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், திருகாணிக்குக் கிரீஸ் தடவுங்கள். ஸ்டெப்னி காற்றையும் அன்றைக்கே பார்த்துவிடலாம்.

இறக்கும்போது

ஹைட்ராலிக் ஜாக்கியின் வால்வை ஒரேயடியாகத் திறக்காதீர்கள், கால் திருகு போதும். அதற்கு முன் அடியில் ஒரு முறை குனிந்து பார்க்க வேண்டும். நான் ஸ்பேனரை நசுக்கியிருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் செருப்பையும். டயர் தரையைத் தொட்டதும் நட்டுகளை ஒன்று, அடுத்து அதற்கு எதிரே இருப்பது என்று மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும், பாண்டிச்சேரி போய் வந்த தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி ஒரு முறுக்கு.