தேடல் பக்கம் ஷோவுக்குப் போன கதை

ரூபி மொழியில் வலை ஆப்கள் எழுத உதவும் ரெயில்ஸ் கட்டமைப்பில் ஒரு கடைக்கு ஆப் செய்துகொண்டிருந்தேன். ஆர்டர்களுக்கு 'ரிசோர்சஸ்' என ஒரே வரி எழுதினால், பட்டியலிடுவது, ஒன்றை மட்டும் காட்டுவது ('ஷோ') போன்ற 7 ஆக்‌ஷன்களுக்கும் ரூட், அதாவது எந்த முகவரி எந்தச் செயலுக்குப் போக வேண்டும் என்ற விதி, கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த வசதி. அதற்குக் கீழே 'ஆர்டர்ஸ்/சர்ச்' என்று தேடல் பக்கத்தைத் திறக்கத் தனியாக ஒரு கெட் ரூட் வரி சேர்த்தேன். பக்கத்தைத் திறந்தால் 'ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட்' பிழை. ஒரு மாலை முழுக்கத் தேடலுக்கான நிரலையே புரட்டினேன். அப்புறம் சர்வர் லாகைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: கோரிக்கை ஷோ ஆக்‌ஷனுக்குப் போயிருக்கிறது, ஐடி இருக்க வேண்டிய இடத்தில் 'சர்ச்' என்ற சொல்!

ரெயில்ஸ் ரூட்களை மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். ஷோவின் ரூட் 'ஆர்டர்ஸ்/ஐடி' என்பதால், 'ஆர்டர்ஸ்/சர்ச்' அதற்கே பொருந்திவிட்டது. வரியை மேலே நகர்த்தினாலே போதும். நான் அதை ரிசோர்சஸ் பிளாக்குக்குள் 'கலெக்‌ஷன்' ஆக, அதாவது ஒரு ஆர்டருக்கு அல்லாமல் மொத்த ஆர்டர்களுக்குமான ரூட்டாக, வைத்தேன். அங்கே எழுதுவது ஷோவுக்கு முன்பே பதிவாகிவிடும், அதன் முகவரியை உருவாக்கித் தரும் பாத் ஹெல்பரும் தானாகக் கிடைக்கும். ரூட்களை வரிசையாகக் காட்டும் 'ரெயில்ஸ் ரூட்ஸ்' கட்டளை கொடுத்தேன். சர்ச் இப்போது ஷோவுக்கு மேலே இருந்தது.