மோட்டார், சுவிட்ச், தண்ணீர்த் தொட்டி: நாளமில்லாச் சுரப்பிகளைப் புரிந்துகொள்ள ஒரு செய்முறை

நர்சிங் முதலாம் ஆண்டில் ஹார்மோன்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தேன். இடப்பக்கம் சுரப்பி, நடுவில் ஹார்மோன், வலப்பக்கம் நோய். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. வார்டில் ஒரு தைராய்டு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "இது கூடுதலா, குறைவா?" என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. அட்டவணையை மூடி வைத்துவிட்டு இந்த வரிசையில் படித்துப் பாருங்கள்.

படி 1: ஒரு படம் வரையுங்கள்

மனித உருவம் ஒன்றை வரைந்து கொள்ளுங்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ், அதற்குக் கீழே பட்டாணி அளவில் பிட்யூட்டரி. கழுத்தில் தைராய்டு, அதன் பின்பக்கம் ஒட்டியபடி பெரும்பாலும் நான்கு பாராதைராய்டுகள். வயிற்றில் கணையம். சிறுநீரகங்களுக்குத் தொப்பி வைத்தாற்போல் அட்ரீனல்கள். கீழே சினைப்பை அல்லது விதைப்பை.

இப்போது பிட்யூட்டரி ஆட்டுவிக்கும் சுரப்பிகளுக்குச் சிவப்பு: தைராய்டு, அட்ரீனலின் புறணி (வெளிப்பகுதி), சினைப்பை, விதைப்பை. ரத்தத்தை நேராகப் பார்த்துத் தாமே முடிவெடுப்பவற்றுக்கு நீலம்: கணையம், பாராதைராய்டு. இந்த இரண்டு நிறங்கள் மனத்தில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 2: தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள்

மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அம்மா குரல் கொடுக்கிறார். தம்பி சுவிட்சைப் போடுகிறான். மோட்டார் ஓடித் தொட்டி நிறைகிறது. நிறைந்ததும் அம்மா பேசாமல் இருக்கிறார், தம்பியும் கையை எடுத்துவிடுகிறான்.

அம்மா ஹைப்போதலாமஸ், அவருடைய குரல் டி.ஆர்.எச். என்ற ஹார்மோன். தம்பி பிட்யூட்டரி, அவன் சுவிட்சை அழுத்தும் வேகம் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன். மோட்டார் தைராய்டு. தொட்டித் தண்ணீர் தைராய்டு சுரக்கும் ஹார்மோன்களான டி3, டி4. நிறைந்ததும் எல்லாம் அடங்கிப்போவதைத்தான் பாடநூல் எதிர்மறைப் பின்னூட்டம் என்கிறது.

படி 3: ரிப்போர்ட்டை வாசியுங்கள்

முதலில் டி4, பிறகு டி.எஸ்.எச். அதாவது தொட்டியைப் பார்த்துவிட்டுத் தம்பியின் கையைப் பாருங்கள். பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை இருக்கும். உங்கள் ஆய்வகம் அச்சிட்டிருக்கும் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

டி4 குறைவு, டி.எஸ்.எச். அதிகம் என்றால் மோட்டார் பழுது. தம்பி விடாமல் அழுத்துகிறான், தண்ணீர்தான் ஏறவில்லை. இது முதன்மை ஹைப்போதைராய்டிசம். டி4 அதிகம், டி.எஸ்.எச். மிகக் குறைவு என்றால் தம்பி கையெடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறது. கிரேவ்ஸ் நோயில் எதிர்ப்பொருள் ஒன்று தம்பியைப் போல நடித்து சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது வகை ஒன்று உண்டு. அதைக் கடைசியில் ஒரு கேள்வியாக வைத்திருக்கிறேன்.

படி 4: கட்டிலருகே போங்கள்

தொட்டித் தண்ணீர், அதாவது தைராய்டு ஹார்மோன் குறைந்தவர் மந்தமாக இருப்பார்: குளிர் தாங்கமாட்டார், மலச்சிக்கல், வறண்ட தோல், மெதுவான நாடி, கூடும் எடை. கூடியவருக்கு இவை தலைகீழ். கிரேவ்ஸ் நோயாளியின் நாடியை அவர் தூங்கும்போதும் எண்ணுங்கள். பதற்றத்தால் வேகமெடுத்த நாடி தூக்கத்தில் இறங்கிவிடும்; தைராய்டால் வேகமெடுத்தது இறங்காது.

குறைந்த டி4ஐ ஈடுகட்டும் லெவோதைராக்சின் (தைராக்சின்) மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காபியுடன் விழுங்குபவர்கள் நிறையப் பேர்; காபி அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபரிசோதனை, ஏனென்றால் டி4 பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகிறது.

படி 5: தண்ணீர் லாரி வந்தால்?

எனக்குப் பிடித்த பகுதி இது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ பல மாதங்கள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் லாரி வந்து தொட்டியை நிரப்பிவிட்டுப் போகிறது. அம்மா குரல் கொடுப்பதில்லை, தம்பி சுவிட்சைத் தொடுவதில்லை, மோட்டார் துருப்பிடிக்கிறது. இங்கே மோட்டார் என்பது அட்ரீனல் புறணி, சுவிட்ச் பிட்யூட்டரியின் ஏ.சி.டி.எச். ஹார்மோன், தொட்டித் தண்ணீர் கார்ட்டிசால் என்ற ஹார்மோன்.

ஒருநாள் "முகம் உப்பிவிட்டது" என்று அவரே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். லாரி இல்லை, மோட்டாரும் ஓடாது. ரத்த அழுத்தம் சரிகிறது, வாந்தி, மயக்கம். இதுதான் அட்ரீனல் நெருக்கடி. உடனே ஹைட்ரோகார்ட்டிசோனும் சலைனும் நரம்பு வழியாகப் போக வேண்டும். ஸ்டீராய்டைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்று நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது. வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவரிடமும் சொல்லுங்கள்.

அட்ரீனலே கெட்டுப்போவது அடிசன் நோய். 1855இல் தாமஸ் அடிசன் விவரித்தது. சோடியம் குறையும், பொட்டாசியம் கூடும், ஏ.சி.டி.எச். ஏறுவதால் தோல் கறுக்கும். நம்மவர்களிடம் தோல் கறுப்பதை எளிதில் தவறவிடுவோம். ஆகவே உள்ளங்கை ரேகைகளையும், ஈறுகளையும், கன்னத்தின் உட்புறத்தையும் பாருங்கள்; பழைய புகைப்படம் இருந்தால் கேட்டு ஒப்பிடுங்கள்.

படி 6: நீல நிறக்காரர்கள்

இங்கே அம்மாவும் இல்லை, தம்பியும் இல்லை. மிதவை வைத்த தானியங்கி மோட்டார்கள் இவை. கணையம் ரத்தச் சர்க்கரையைப் பார்த்து இன்சுலினை விடுகிறது; பாராதைராய்டு கால்சியத்தைப் பார்த்துத் தன் ஹார்மோனை விடுகிறது.

நீரிழிவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இங்கே இரண்டே செய்திகள். சர்க்கரை 70க்குக் கீழே போய், வியர்த்து, கை நடுங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அடுத்து, நம் ஊரில் மில்லி லிட்டருக்கு 40 யூனிட் இன்சுலின் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் உள்ளே போவது 25 யூனிட்.

தைராய்டை அகற்றிய நோயாளியிடம் பாராதைராய்டு அடிபட்டிருக்கலாம். உதட்டைச் சுற்றி மரத்துப்போவதாகச் சொன்னால் காத்திருக்காமல் தெரிவியுங்கள். ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கியதும் கை மடங்கிக் குவிந்தால் அது ட்ரூசோ அறிகுறி, அதாவது கால்சியம் குறைந்ததன் அடையாளம். கால்சியம் குளுக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கட்டு முன்னால் உலர்ந்து தெரிந்தாலும் கழுத்தின் பின்னால் கைவிட்டுப் பாருங்கள்; ரத்தம் அங்கேதான் வழிந்து தேங்கும்.

படி 7: இதற்கு விடை சொல்லுங்கள்

பிரசவத்தில் மிகுந்த ரத்தப்போக்குக்கு ஆளான ஒரு பெண். பால் சுரக்கவில்லை. மாதங்கள் ஆகியும் மாதவிடாய் திரும்பவில்லை. ஓயாத சோர்வு. ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி4) 0.4 (ஆய்வக அளவு 0.8 முதல் 1.8). டி.எஸ்.எச். 2.1, எதிரே "இயல்பு" என்று அச்சாகியிருக்கிறது. இயல்பா?

தொட்டி வறண்டு கிடக்கிறது. தம்பி பதறிப்போய் அழுத்திக்கொண்டிருக்க வேண்டிய நேரம். அவன் சாவகாசமாக இருக்கிறான் என்றால் கோளாறு அவனிடம்தான். கர்ப்பத்தில் பெருத்திருந்த பிட்யூட்டரி, ரத்தப்போக்கின்போது ரத்த ஓட்டம் கிடைக்காமல் கருகிவிட்டது. இது ஷீஹான் நோய். அட்ரீனலுக்குப் போகும் சுவிட்சும் அதே தம்பியின் கையில்தான். கார்ட்டிசால் குறைந்திருக்கும்போது தைராக்சினை மட்டும் தொடங்கினால், இருக்கும் கொஞ்சமும் வேகமாகச் செலவாகி அட்ரீனல் நெருக்கடியில் கொண்டுபோய் விடும். எனவே ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. மருந்துச் சீட்டில் தைராக்சின் மட்டும் எழுதியிருந்தால், முதல் மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "கார்ட்டிசால் பார்த்தாயிற்றா, டாக்டர்?"